இரண்டு பட்டியலிலும் இருந்தவள்

பழங்காநத்தம், மதுரை
8.6.2025

அன்புள்ள பாக்கியம்,

1999ஆம் வருஷம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நினைவிருக்கிறதா? பள்ளி அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. நீ அலுவலக கிளார்க். நான் பக்கத்துக் கட்டடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் வந்து கேட்டாய்: "பொண்ணுக பள்ளிக்கூட ரெஜிஸ்டர நான் ஃபாக்ஸ்ப்ரோவுல ஏத்தி வச்சிருக்கேன். பங்குக் கோயில் குடும்பப் பட்டியல ஃபாதர் வேற எதுலயோ ஏத்தச் சொல்றாரு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடணும்னா ஒண்ண அழிச்சுத்தான் ஆகணுமா?"

நான் வாத்தியார். உதாரணம் இல்லாமல் பதில் சொல்லத் தெரியாது. "ரெண்டு குடத்துத் தண்ணிய ஒரே அண்டாவுல ஊத்துற மாதிரிதான்" என்றேன். நீ "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

இப்போது பள்ளியின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா மலருக்காக அதைத்தான் செய்தேன். இரண்டு பட்டியலையும் ஒரே கோப்பில் கொட்டினேன். உன் பதிவேட்டில் பெயர்கள் ஆங்கில எழுத்தில், பங்குப் பட்டியலில் தமிழில். பெயரை வைத்து ஒப்பிட முடியாது. அதனால் பிறந்த தேதியும் ஊரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று விதி எழுதினேன். ஒருவருக்கு இரண்டு அழைப்பிதழ் போகக் கூடாது என்பதுதான் எண்ணம். உன்னையும் அந்த எண்ணத்தில்தான் ஒன்றாக்கினேன். அதற்காக மறுநாள் காலையே பஸ் ஏறிப் போவாயா?

உன்னோடு படித்த கனகலட்சுமி மலரின் மாதிரிப் பிரதியைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "என்னண்ணே, கீழக்குயில்குடியில இருந்து நான் ஒருத்திதான் அந்த வருசம் படிச்சேனா? மத்தவளுகள எல்லாம் முழுங்கிட்டேனா?" என்கிறாள். உன் ஊர்ப் பெண்கள் ஏழு பேரைக் காணவில்லை. ஒன்றாக்கியதும் பழைய கோப்பை நான் அழித்துவிட்டேன். நீ ஓய்வு பெற்றபோது எடுத்து வைத்த சிடி உன்னிடம் இருக்கும். அதை அனுப்பி வை.

இன்னொன்று. அடுக்களை டப்பாக்களில் நீ பெயர் எழுதாமல் எண் போட்டு வைத்திருக்கிறாய். ஏழாம் எண்ணில் இருப்பது சீரகமா சோம்பா? நேற்று ரசம் வேறு மாதிரி வந்தது.

நீ போனை எடுப்பதில்லை. பத்துக் கிலோமீட்டர்கூட இல்லாத இடத்துக்குத் தபால் எழுதுகிறேன். தபால் நிலையத்தில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

உன்
ஆரோக்கியநாதன்


கீழக்குயில்குடி
14.6.2025

மதிப்பிற்குரிய சாருக்கு,

ஏழாம் எண் சோம்பு. சீரகம் பதினொன்று.

கேள்வியை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். மே மாதம் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் நான் கேட்ட கேள்வியை மட்டும் கடிதத்தில் காணோம். நான் எழுதுகிறேன். சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சந்தோஷமாக, "நீ ரெண்டு இடத்துல இருந்த. உன்னைய மட்டும் மெஷினுக்கு விடல, நானே கையால ஒண்ணாக்கிட்டேன்" என்றீர்கள். "எந்த என்னைய வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "பாக்கியத்தத்தான், வேற யார?" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டீர்கள்.

ஏழு பேரை மெஷின் அழித்தது. எட்டாவது ஆளை நீங்கள் அழித்தீர்கள். மெஷின் மேல் எனக்கு வருத்தமில்லை. அதற்கு என்னைத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை சுபலட்சுமி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மலரின் மாதிரிப் பிரதி யார் மூலமாகவோ அவள் கைக்கு வந்திருக்கிறது. எல்லார் முன்னாலும் விரித்து வைத்துக்கொண்டு, "ஏன்டி ஜெயக்கொடி, நீ எங்ககூடப் பத்தாவது படிச்சியா இல்லையா? என் பேரும் இல்ல, உன் பேரும் இல்ல. எனக்காச்சும் புருசன் வாத்தியார் இல்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பின்பக்கம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

உங்கள் விதியைச் சொல்லவா? பிறந்த தேதியை வைத்து ஆளைப் பிடித்தீர்கள். நாற்பது வருஷம் அந்தப் பள்ளியோடு இருந்தவர் செய்கிற காரியமா? எங்கள் ஊரிலிருந்து முதல் வகுப்பில் சேர்க்க வந்த எவரிடமாவது பிறப்புச் சான்றிதழ் இருந்ததா? தலைமை ஆசிரியை அம்மா பிள்ளையின் கையைத் தலைக்கு மேல் வைத்துக் காதைத் தொடச் சொல்வார். தொட்டால் பள்ளி வயது ஆகிவிட்டது. பேனாவை எடுத்து ஜூன் ஒன்று என்று எழுதுவார். எங்கள் ஒன்பது பேருக்கும் 1.6.1964. நீங்களே இருபது வருஷம் அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்து எத்தனை ஜூன் ஒன்று எழுதினீர்கள்?

சிடி என்னிடம்தான் இருக்கிறது. அனுப்ப மாட்டேன். மறுபடியும் அண்டாவில் ஊற்றுவீர்கள்.

ஜெயக்கொடி


பழங்காநத்தம்
20.6.2025

அன்புள்ள உனக்கு,

எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

ஜூன் ஒன்று பற்றி நீ எழுதியதைப் படித்ததும் முகத்தில் அடித்தது போல இருந்தது. என் கையெழுத்தில் எத்தனை பிள்ளைகள் அந்தத் தேதியில் பிறந்தார்கள் என்று எனக்கே கணக்கில்லை. நானே எழுதிய பொய்யை நானே நம்பி, அதை வைத்து ஆள் பிடித்திருக்கிறேன்.

பள்ளிக்குப் போனேன். என் இடத்தில் இப்போது என்னிடம் படித்த பெர்சி மிஸ் இருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "சார், எதுக்கு சார் காப்பி பண்ணீங்க? அது அது இருக்கிற இடத்துலயே விட்டுட்டுக் கனெக்ட் பண்ணிருக்கலாம்ல? ஓடிபிசின்னு நீங்கதான சார் எங்களுக்கு ஒரு மார்க் கேள்விக்கு விரிவாக்கம் எழுத வச்சீங்க?"

உண்மைதான். விரிவாக்கத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன். அது எதற்கு என்று நானும் கேட்டதில்லை. நீ 1999இல் கேட்டபோதே அந்த ஏற்பாடு உலகத்தில் இருந்தது. நான் உனக்குச் சொன்ன பதில் அன்றைக்கே தப்பு.

உனக்குத் தெரியும், உதாரணம் இல்லாமல் எனக்கு ஓடாது. மணியார்டர் படிவத்தை நினைத்துக்கொள். வாடிப்பட்டி தபால் நிலையத்துக்குள் அலமாரி ஒரு மாதிரி, கல்கத்தா தபால் நிலையத்தில் வேறு மாதிரி. இங்கே தமிழில் பேசுவார்கள், அங்கே வங்காளத்தில். பணம் அனுப்புகிறவனுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. படிவம் எல்லா ஊரிலும் ஒன்று. உள்ளே இருக்கும் கிளார்க் அதை வாங்கித் தன் அலமாரிக்கு ஏற்ற மாதிரி வேலை பார்ப்பார். கல்கத்தா அலமாரியை உடைத்து வாடிப்பட்டிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

ஓடிபிசியும் அதேதான். கேள்வி கேட்க ஒரே முறை. ஒவ்வொரு தரவுத்தளத்தின் வாசலிலும் டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் உட்கார்ந்திருக்கும். நம் கிளார்க்குதான் அது. நாம் பொதுவான முறையில் கேட்பதை வாங்கி, உள்ளே இருப்பதற்குப் புரிகிற மாதிரி சொல்லி, பதிலைப் பொதுவான முறையில் நம்மிடம் தரும். உன் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு ஒரு டிரைவர், பங்குப் பட்டியலுக்கு ஒரு டிரைவர். இரண்டும் தத்தம் இடத்திலேயே இருக்கும். எதையும் அழிக்க வேண்டாம்.

சீரகம் பதினொன்றில்தான் இருந்தது. ரசம் இப்போதும் சரியாக வரவில்லை. மூன்றாம் எண் டப்பாவைத் திறந்தேன், அதில் உன் பழைய மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அதை ஏன் மிளகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் வைத்தாய்? மூடி அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

ஆரோக்கியநாதன்


கீழக்குயில்குடி
27.6.2025

சாருக்கு,

அண்ணன் உங்கள் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, "மாப்ளய நேர்ல வரச் சொல்லு தாயி. மலையச் சுத்திச் சுத்தி அந்தத் தபால்காரர் காலு தேஞ்சு போகுது" என்கிறார். நீங்கள் வர வேண்டாம். வந்து நின்றால் நான் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவேன். போனை எடுக்காததற்கும் அதுதான் காரணம். குரலைக் கேட்டால் எனக்குச் சரி என்று சொல்லிவிடும் பழக்கம். முப்பத்து மூன்று வருஷப் பழக்கம். எழுத்தில் என்றால் யோசித்துச் சொல்லலாம்.

உங்கள் மணியார்டர் உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கிளார்க். படிவத்தைப் பற்றி வாத்தியாரைவிட எனக்குத் தெரியும். படிவத்தில் கட்டம் இல்லாத விஷயத்தை எங்கே எழுதுவது? இந்த அலமாரியில் இருக்கிற, அந்த அலமாரியில் இல்லாத ஒன்றை உங்கள் டிரைவர் என்ன செய்வார்? தெரியாததையும் இல்லாததையும் ஒரே மாதிரி காலியாக விடுவாரா? நம் அலுவலகத்தில் அப்பா பெயர் காலியாக இருந்தால் அதற்கு மூன்று அர்த்தம். தெரியாது, இறந்துவிட்டார், சொல்ல விருப்பமில்லை. மூன்றையும் நான் வேறு வேறு பென்சில் குறியால் காட்டி வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னபோது மூன்றும் ஒரே வெற்றிடம் ஆயிற்று. பெர்சி மிஸ்ஸிடம் கேட்டு எழுதுங்கள்.

இங்கே எல்லாரும் ஜெயக்கொடி என்று கூப்பிடுகிறார்கள். குளத்துக்குப் போகும் வழியில், கடையில், அய்யனார் கோயில் வாசலில். பத்து நாள் கேட்கக் கேட்க இனித்தது. சட்டை தைத்துப் போட்ட மாதிரி உடம்பில் உட்கார்ந்தது. பதினோராம் நாள் மத்தியானம் காற்றே இல்லை. படுத்திருந்தேன். நீங்கள் மாடிப்படியிலிருந்து "பாக்கியம், என் பேனா எங்க?" என்று கத்துவீர்களே, அது கேட்காதா என்று இருந்தது. சட்டைப் பையில்தான் இருக்கும். எப்போதும் அங்கேதான் இருக்கும்.

அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரில்தான் ஜெபம் சொல்லியிருக்கிறேன், சம்பளம் வாங்கியிருக்கிறேன், உங்கள் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் வாய் துடைத்திருக்கிறேன். எதையும் திருப்பிக் கொடுக்க வரவில்லை. ஆனால் காதைத் தொட்டுக் காட்டி அந்தப் பள்ளிக்குள் போனவள் பாக்கியம் இல்லை. அவள் எங்கே என்று கேட்டால் ஒரு பக்கத்திலாவது இருக்க வேண்டாமா?

மூக்குக்கண்ணாடியைத் தேடித் தேடிக் களைத்துத்தான் புதிது வாங்கினேன். மூன்றாம் எண்ணா?

ஜெயக்கொடி


பழங்காநத்தம்
4.7.2025

அன்புள்ள ஜெயக்கொடி,

எழுதிப் பார்த்தேன். முப்பத்து மூன்று வருஷத்தில் இந்தப் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

உன் கேள்விகளைப் பெர்சியிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "சார், மேடம் பரீட்சை வச்சா நாமெல்லாம் பெயிலு" என்றாள். பிறகு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பதில் இதுதான்.

எல்லா டிரைவரும் எல்லா வேலையும் செய்யாது. உன் ஃபாக்ஸ்ப்ரோ டிரைவர் பழையது. அதற்குச் சிலது தெரியாது. அதனால் அந்தப் பொது முறையிலேயே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வேலையைச் சொல்வதற்கு முன்னால் டிரைவரிடம், "உன்னால் எது முடியும், எது முடியாது?" என்று கேட்கலாம். அது பட்டியல் தரும். அதற்குள் அடங்கித்தான் நாம் கேட்க வேண்டும். முடியாததைக் கேட்டால் பிழை என்று திருப்பி அனுப்பும். தெரியாதது என்பதற்கும் வெறும் காலி என்பதற்கும் தனித்தனிக் குறி உண்டு, உள்ளே இருக்கும் கோப்பு அதைப் பிரித்து வைத்திருந்தால். உன் மூன்று பென்சில் குறிக்கு மட்டும் அதில் இடமில்லை. அதைப் படிவம் காப்பாற்றாது. ஆள்தான் காப்பாற்ற வேண்டும்.

பெர்சி போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் கேள், பிறகு சொல். ஒரு பழைய நிரலிடம்கூட அப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து விதி எழுதியிருக்கிறார்கள்.

1992இல், கல்யாணத்துக்கு முன்னால் உன் ஞானஸ்நானத்துக்காகப் போனபோது ஃபாதர் என்னிடம், "பொண்ணுக்கு என்ன பேர் வைக்கிறது?" என்று கேட்டார். நீ பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாய். கதவு திறந்துதான் இருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் உன்னிடம் கேட்டிருக்கலாம். நான் "பாக்கியம்" என்றேன். அழகான பெயர் என்று நினைத்தேன், அவ்வளவுதான். நீ வெளியே வந்து பதிவேட்டில் பெயரைப் படித்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டாய். "நல்லாத்தான் இருக்கு" என்றாய். அந்தத் "தான்" என் காதில் விழுந்தது. விழாதது போல இருந்துவிட்டேன். இந்த மே மாதம் கையால் அழித்தேனே, அது இரண்டாம் தடவை.

மன்னிப்புக் கேட்டுவிட்டு உடனே வா என்று எழுத மாட்டேன். கேட்கத்தான் எழுதுகிறேன். உன்னால் எது முடியும், எது முடியாது? பட்டியல் எழுது. அதற்குள் அடங்கி இருக்கிறேன்.

வீட்டில் சத்தமே இல்லை. எதிர்வீட்டு மிக்ஸி ஓடினால் நம் வீடோ என்று எழுந்து பார்க்கிறேன்.

ஆரோக்கியநாதன்


கீழக்குயில்குடி
11.7.2025

என்னங்க,

கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அந்தக் கதவு திறந்திருந்தது எனக்கும் தெரியும். ஃபாதர் கேட்டதும் கேட்டது, நீங்கள் சொன்னதும் கேட்டது. நானும் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இருபத்தெட்டு வயது, கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம். அதில் என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். மே மாதத்தில் எனக்குப் பங்கில்லை.

சிடியை அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்குப் பழங்காநத்தத்தில் வேலை இருக்கிறதாம். வேலை ஒன்றும் இல்லை, உங்களைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லத்தான் வருகிறார். சிடியில் நீங்கள் படிக்கலாம், எழுத முடியாது. அப்படியேதான் இருக்க வேண்டும்.

பட்டியல் கேட்டீர்கள். முதலில் வேலைப் பட்டியல். பிறந்த தேதியைத் தொடாதீர்கள். என் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் சேர்க்கை எண் உண்டு, அது யாருக்கும் இரண்டு தடவை வராது. பங்குப் பட்டியலில் குடும்ப அட்டை எண் உண்டு. இந்த எண்ணுக்கு அந்த எண் என்று மூன்றாவதாக ஒரு சின்னப் பட்டியல் வேண்டும். அதை மெஷின் போடக் கூடாது. ஒவ்வொருவரையும் நேரில் கேட்டுத்தான் போட வேண்டும். எங்கள் ஊர் ஒன்பது பேரையும் கேட்டுவிட்டேன். எட்டுப் பேர் பங்கில் இல்லை, அவர்களுக்கு இணைப்பு வேண்டியதில்லை, அவர்கள் பெயர் அப்படியே வரட்டும். மீனா மட்டும் இப்போது திண்டுக்கல் பக்கம், அவளிடம் போனில் பேசினேன். "என்னைய உசுரோட எழுப்பிட்டியாக்கும்" என்று சிரித்தாள். ஒன்பதாவது ஆளுக்கு மட்டும் ஒரு வரி இருக்கிறது. அதை என் கையாலேயே எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சேர்க்கை எண் 2147, குடும்ப அட்டை எண் 318. அதை மட்டும் தட்டுங்கள். வேறெதுவும் தட்டாதீர்கள்.

இனி என் பட்டியல். வாரத்தில் மூன்று நாள் இங்கே இருப்பேன். அண்ணன் பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். எங்கள் செட்டில் எழுதப் படிக்க மறந்தவர்களுக்குப் பாங்குப் படிவம், ஆஸ்பத்திரிப் படிவம் எழுதிக் கொடுக்கிறேன். வரிசையில் நிற்கிறார்கள், எனக்கும் பிடித்திருக்கிறது. நாலு நாள் அங்கே. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உங்களோடுதான் வருவேன். ஆடி மாதம் அய்யனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கும்போது நீங்கள் இங்கே வந்து சாப்பிட வேண்டும். கும்பிடச் சொல்லவில்லை, சாப்பிடச் சொல்கிறேன். இது முடியுமா? முடியாதென்றால் முடியாதென்றே எழுதுங்கள். "பாக்கலாம்" என்று எழுதாதீர்கள்.

முடியுமென்றால் பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை வாரேன்.

மெலிந்துவிட்டீர்களா?

கீழே என்ன பெயர் எழுதுவது என்று நானும் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். விட்டுவிடுகிறேன்.


பழங்காநத்தம்
16.7.2025

அன்புள்ள ஜெயக்கொடிக்கும் பாக்கியத்துக்கும்,

முடியும். எல்லாமே முடியும். பொங்கலுக்கு வருகிறேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுகிறேன்.

உன் அண்ணன் வந்தார். என் ரசத்தை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மாப்ள, இம்புட்டு நாளா இதத்தான் குடிச்சீகளா? தங்கச்சி மனசு கல்லுதான்" என்றார். நான் மெலிந்ததை உன்னிடம் சொல்லியிருப்பார். கொஞ்சம்தான்.

நேற்று பள்ளியில் சிடியைப் போட்டோம். பெர்சி இரண்டு டிரைவரையும் இணைத்தாள். நீ அனுப்பிய ஒற்றை வரியை நானே தட்டினேன். பிறகு 1980ஆம் வருஷம் பத்தாம் வகுப்பு, கீழக்குயில்குடி என்று கேட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒன்பது வரிகள் வந்தன. உன் வரியில் இடது பக்கம் பள்ளிப் பெயர் ஆங்கில எழுத்தில், வலது பக்கம் பங்குப் பெயர் தமிழில். இடது பக்கம் உன் பதிவேட்டிலிருந்து, வலது பக்கம் பங்குப் பட்டியலிலிருந்து. இரண்டும் அதனதன் இடத்தில்தான் இருந்தன. பெர்சி, "சார், அழுறீங்களா?" என்றாள். மானிட்டர் வெளிச்சம் என்றேன்.

மலரை அச்சகத்திலிருந்து நிறுத்தி வாங்கிவிட்டேன். உன் வரி இரண்டு பெயரோடும் போகும். எந்தப் பெயர் முதலில் வர வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. சனிக்கிழமை நீ வந்து சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் அச்சுக்குப் போகும். விழா இருபத்தாறாம் தேதி, நேரம் இருக்கிறது.

பழங்காநத்தம் நிறுத்தத்துக்கு வந்து நிற்கட்டுமா என்று யோசித்தேன். வேண்டாம். நீயாக நடந்து வா. வீட்டில்தான் இருப்பேன்.

உன் பையில் சாவி இருக்கும். அதை எடுக்காமல் ஒரே ஒரு தடவை கதவைத் தட்டிப் பார். உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்பேன். அந்த நேரத்தில் உன் வாயில் எது வருகிறதோ, அதைச் சொல்.

ஆரோக்கியநாதன்